அட்மிஷன் டே அன்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்

முதுநிலை மருத்துவக் கவுன்சலிங் நடக்கும் மாதங்களில் எனக்கு இப்படி இரண்டு மூன்று போன் வந்துவிடும். பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) வேலை பார்க்கும் பெண் மருத்துவர்கள். முன்பின் பார்த்திருக்க மாட்டேன். யாராவது நம்பர் கொடுத்திருப்பார்கள். "அக்கா, பாப்பாவுக்கு ரெண்டு வயசு. இந்த ரேங்குக்கு ஜெனரல் சர்ஜரி கிடைக்கும்போல இருக்கு. எடுக்கவா, வேண்டாமா?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். பின்னால் குக்கர் விசில் அடிக்கும். குழந்தை எதையாவது போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும்.

என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. கிடைத்த சர்ஜரி இடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு ஒரு வருடம் வீடும் பி.எச்.சி.யுமாக இருந்தவள் நான். அடுத்த வருடம், 2018ல், மகளுக்கு இரண்டே முக்கால் வயதாகும்போது அதே சர்ஜரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கரை, இக்கரை இரண்டிலும் குடியிருந்து பார்த்தாயிற்று.

அவர்கள் இரண்டு வழிதான் இருப்பதுபோலக் கேட்கிறார்கள். ஆனால் வழி நான்கு. இப்போதே சேர்வது. பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும் என்று தள்ளிப்போடுவது. சர்ஜரியை விட்டுவிட்டு வேலைப் பளு குறைந்த 'லைட்' பிராஞ்ச் ஒன்றை எடுப்பது. மேற்படிப்பே வேண்டாம் என்று எம்.பி.பி.எஸ்.ஸோடு இருந்துவிடுவது. இவற்றை எடை போடும் முன் சர்ஜரியின் மூன்று வருடம் ஒரு வீட்டிடம் என்னவெல்லாம் கேட்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. எம்.பி.பி.எஸ். கடைசியில் வரும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக் காலத்தோடு நமக்கும் மறந்துபோயிருக்கும்.

காகிதத்தில் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பயிற்சி மருத்துவருக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று மத்திய அரசு 1992லேயே சொல்லிவிட்டது. 2024ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு ஒன்று, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 32 வருடத்தில் பரிந்துரையே 26 மணி நேரம் ஏறியிருக்கிறது என்றால் நடப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் முதல் வருடத்தில் ஒரு வாரத்தை எழுதிவைத்துக் கூட்டிப்பார்த்தேன். 96 வந்தது. வாரத்தின் 168 மணி நேரத்தில் 96 போனால் மிச்சம் 72. நாளுக்கு ஆறு மணி நேரத் தூக்கம் என்று கழித்தால் 30. அதில் குளியல், துணி, சாப்பாடு, தீசிஸ் (ஆய்வுக் கட்டுரை), போக வர. நானும் மகளும் ஒரே நேரத்தில் விழித்திருந்தது அந்த வாரம் முழுக்க ஒன்பது மணி நேரம்.

கூட்டுத்தொகையைவிட அது எப்படிப் பிரிந்து விழுகிறது என்பதில்தான் சிக்கல். சர்ஜரி டாக்டர்கள் பிரிந்திருக்கும் ஒவ்வொரு குழுவுக்கும், அதாவது யூனிட்டுக்கும், வாரத்தில் ஒரு நாள் அட்மிஷன் டே. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைவரை அவசரப் பிரிவுக்கு வரும் சர்ஜரி கேஸ் எல்லாம் அந்த யூனிட்டின் தலையில். அப்பெண்டிக்ஸ், குடலில் ஓட்டை, பைக்கிலிருந்து விழுந்தவர், சர்க்கரையில் கால் அழுகி வந்தவர். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, காலையில் சீஃப் ரவுண்ட்ஸுக்கு கேஸ் ஷீட்டோடு மறுபடியும் நிற்க வேண்டும். அப்புறம் டிரெஸ்ஸிங், அப்புறம் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) அல்லது ஓ.பி. முப்பத்தாறு மணி நேரம் கழித்து வெளியே வந்தால், இது காலை வெயிலா மாலை வெயிலா என்று ஒரு நிமிடம் பிடிபடாது. போனில் வீட்டு நம்பரிலிருந்து ஏழு மிஸ்டு கால் இருந்தால் வயிறு கலங்கும்.

இந்த இடத்தில் யாராவது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை இழுத்துவருவார்கள். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம், இரண்டு மகன்கள், சட்டசபைப் பொறுப்பு, 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. "அந்தக் காலத்துலயே அவங்களால முடிஞ்சதே" என்பார்கள். அதே மருத்துவமனைக்கு ஆயுள் முழுவதையும் கொடுத்த டாக்டர் சாந்தா திருமணமே செய்துகொள்ளவில்லை என்பதை அதே ஆள் சொல்ல மாட்டார். அவர்கள் இருவரும் பெரியவர்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு என் மகளுக்கு பாரசிட்டமால் ஊற்றிக் கொடுப்பது யார் என்ற கேள்விக்கு அவர்கள் படம் பதில் சொல்லாது.

முதலில் நான் இருந்துபார்த்த வழி: விட்டுக்கொடுத்த வருடம். மகள் பிறந்தபோது எனக்கு ஆறு மாத மகப்பேறு விடுப்பு. (தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் அது 12 மாதம்.) விடுப்பு முடிந்து பி.எச்.சி.க்குத் திரும்பியிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பேன். மகள் ஓடப் பழகியதை, 'ய'வை 'வ' என்று சொல்லி எங்களைச் சிரிக்கவைத்ததை எல்லாம் நேரில் பார்த்தேன். அந்த வருடத்தை யார் என்ன கொடுத்தாலும் திருப்பித் தர மாட்டேன்.

அதே வருடத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹெர்னியா, ஹைட்ரோசில் என்று ஒவ்வொரு கேஸாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் சீட்டு எழுதும்போது கை கூசும். கட்டியைக் கீறிச் சீழ் எடுக்கும் நாளில் மட்டும் உற்சாகமாக இருப்பேன். ஃபார்மசிஸ்ட் அண்ணனே கிண்டல் செய்வார். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து ஆறு மணிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். பால் பொங்கி வழிந்ததற்கு, துண்டு கட்டிலில் கிடந்ததற்கு. மகள் என் மடியில்தான் இருந்தாள். நான் எங்கேயோ இருந்தேன்.

இதை வைத்து பி.எச்.சி. வாழ்க்கையை மட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் பேட்ச்மேட் ஒருத்தி எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றவள். முதுநிலை நீட் எழுதவே இல்லை. 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது தன் பகுதியில் யார் யார் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்று வீட்டு வாசல் வரை அவளுக்குத் தெரியும். மூன்று தலைமுறைக்கு அவள்தான் டாக்டரம்மா. அவளிடம் போய் "கனவைத் தியாகம் பண்ணிட்டியே" என்று சொன்னால் சிரிப்பாள், அவள் கனவே அதுதான். ஆக, நான்காவது வழி ஒருத்திக்குச் சிறையாகவும் ஒருத்திக்கு வீடாகவும் இருக்கிறது. நீங்கள் யார் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: கூடப் படித்தவள் தியேட்டரில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும்போது உங்களுக்கு எரிகிறதா, இல்லையா?

எனக்கு எரிந்தது. சேர்ந்தேன். அரசு சர்வீஸிலிருந்து போனதால் சம்பளம் நிற்கவில்லை. அது பெரிய ஆறுதல். வெளியிலிருந்து வருபவர்களுக்கு உதவித்தொகைதான், அதில் வாடகையும் ஆயா சம்பளமும் கொடுப்பது கஷ்டம். இன்றைக்கு சர்வீஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதி அரசு மருத்துவர்களுக்கு. என் வருடத்தில் அது இல்லை.

சேர்வது என்று முடிவெடுத்ததும் இன்னொரு ஒப்பீடு உள்ளே ஒளிந்திருந்தது தெரியவந்தது. பிள்ளையை ஊரில் விடுவதா, கூடக் கூட்டிப்போவதா? எல்லோரும் சொன்னது போலவே முதலில் ஊரில், என் அம்மாவிடம் விட்டேன். ஐந்து மணி நேர பஸ். முதல் வருடம்தான் கடினம், அதுவரை ஆச்சியிடம் இருக்கட்டும், நிம்மதியாகப் படிக்கலாம் என்பது கணக்கு. மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். மகள் ஆச்சியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "அம்மா வந்திருக்கேன்ல, வா" என்றால், ஆச்சியைக் காட்டி "அம்மா இங்க இருக்கு" என்றாள். என் அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ் ஏறினேன். மறுநாள் அட்மிஷன் டே. வேலையில் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் நினைக்கிறேன்.

ஆறாவது மாதம் கூட்டிவந்தேன். கல்லூரியிலிருந்து நடக்கும் தூரத்தில் இரண்டு அறை வீடு. தண்ணீர் கஷ்டம், வாடகை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் 'நடக்கும் தூரம்' என்பதற்காக எதையும் கொடுக்கலாம். அட்மிஷன் டேக்கு மறுநாள் நடுவில் இருபது நிமிடம் கிடைத்தால்கூட ஓடிப்போய் ஒரு வாய் ஊட்டிவிட்டு வரலாம். ஊரில் விட்டிருந்தபோது மாதம் இரண்டு நாள் முழுதாகக் கிடைத்தது. கூட வந்தபிறகு இருபது இருபது நிமிடமாகக் கிடைத்தது. மணிக்கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் துண்டு துண்டாகக் கிடைத்ததில்தான் அவள் மறுபடி என் மகள் ஆனாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை: சேர்ந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

புதிதாகச் சேர்பவர்கள் ஒன்றைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட ரெசிடென்சி என்று மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் போடுவார்கள், அது உங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. குழந்தைக் காப்பகத்தையும் நம்ப வேண்டாம். 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. நான் படித்த இடத்தில் நாங்கள் கேட்டோம், பார்க்கலாம் என்றார்கள், பார்த்துக்கொண்டே மூன்று வருடம் போயிற்று. இருந்திருந்தாலும் ராத்திரி டூட்டிக்கு எந்தக் காப்பகம் திறந்திருக்கும்? 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவருக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, வீட்டிலுள்ளவர்கள் டூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணக்கில் வராதது ஒன்று எப்போதும் உண்டு. எனக்கு அது 2020 மார்ச்சில் வந்தது. கொரோனா வார்டு டூட்டி, அப்புறம் தனிமைப்படுத்தல். ஒரு சுற்றுக்கு இரண்டு வாரம் மகளை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எந்த வழியை எடுத்திருந்தாலும், பி.எச்.சி.யிலேயே இருந்திருந்தாலும், இது நடந்திருக்கும்.

சரி, தள்ளிப்போடுவது? இதைத்தான் மாமியார், அம்மா, சீனியர் எல்லோரும் சொல்வார்கள். விதி இடம் கொடுக்கிறது. முதுநிலை நீட்டுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. 200 கேள்வி, 800 மதிப்பெண். நாற்பதிலும் எழுதலாம். ஆனால் அனாடமியும் பயோகெமிஸ்ட்ரியும் காத்திருக்காது. மூன்று வருடம் தொடாமல் இருந்தால் முதலிலிருந்துதான். கூடப் பரீட்சை எழுதுபவர்கள் ஹவுஸ் சர்ஜன் முடித்த கையோடு கோச்சிங்கில் உட்கார்ந்தவர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை யாரும் யோசிப்பதில்லை. எல்லோரும் பிள்ளையின் வயதையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆச்சியின் வயதை யார் எண்ணுகிறார்கள்? என் அம்மாவுக்கு நான் சேர்ந்தபோது ஐம்பத்தெட்டு. இரண்டே முக்கால் வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். இப்போது முட்டி மாற்று அறுவைக்குத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து வருடம் தள்ளிப்போட்டிருந்தால் பிள்ளைக்கு ஆள் தேவை குறைந்திருக்கும், ஆனால் ஆளே இருந்திருக்க மாட்டார்; போதாததற்கு நான் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிள்ளையை ஊர் மாற்றுவதும் கைக்குழந்தையைத் தூக்கிப்போவதைவிடச் சிரமம்.

தள்ளிப்போடுவது நியாயமாக இருக்கும் இடமும் உண்டு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத வீடு. இரண்டாவது பிள்ளை உடனே வேண்டும் என்று நினைப்பவர்கள். 2021ல் அமெரிக்கப் பெண் அறுவை மருத்துவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில் 42 சதவீதம் பேருக்குக் கருச்சிதைவோ கரு இழப்போ நேர்ந்திருந்தது. பொதுவாக மற்ற பெண்களுக்கு நேர்வதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கடைசி மாதங்களில் நீண்ட நேரம் தியேட்டரில் நிற்பவர்களுக்கு ஆபத்து கூடுவதையும் அதே ஆய்வு காட்டியது. பயிற்சிக் காலத்துக்குள்ளேயே இரண்டாவதையும் பெற்றுக்கொள்ளலாம், பரீட்சைதானே தள்ளிப்போகும் என்று எளிதாகச் சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

'லைட்' பிராஞ்ச் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. "டெர்மா எடுத்துக்கோயேம்மா, ரேடியாலஜி எடுத்துக்கோயேம்மா" என்று சொல்பவர்களுக்குக் கவுன்சலிங் தெரியாது. தோல், ஸ்கேன் சம்பந்தப்பட்ட அந்த இரண்டும் சர்ஜரிக்கு வெகு முன்பே தீர்ந்துபோகும் இடங்கள். சர்ஜரி ரேங்க் வைத்திருப்பவளிடம் போய் டெர்மா எடு என்பது, பஸ்ஸுக்குக் காசு வைத்திருப்பவளிடம் ஃபிளைட்டில் போயேன் என்பது போல. அடுத்த யோசனை மகப்பேறு மருத்துவம்: "பெண்களுக்கு ஏத்த படிப்பு." பிரசவ வார்டு ராத்திரியில் தூங்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? மயக்க மருந்துப் பிரிவும் அப்படித்தான். நான் ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைத் திறந்தால் தலைமாட்டில் அனஸ்தீசியா டாக்டரும் முழித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

நிஜமாகவே நேரம் தரும் பிராஞ்ச் என்றால் பேதாலஜி (திசுவைச் சோதித்து நோயைச் சொல்வது), மைக்ரோபயாலஜி (கிருமிகளைச் சோதிப்பது), சமூக மருத்துவம். பேதாலஜி எடுத்த இரண்டு பேரைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒருத்திக்கு ஸ்லைடு என்றால் உயிர். நான் கேன்சர் அறுவைக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அவள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து "மார்ஜின் கிளியர், மூடு" என்று, அதாவது வெட்டிய ஓரத்தில் கேன்சர் இல்லை என்று, சொன்னால்தான் மூடுவேன். ஐந்து மணிக்கு வீட்டுக்கும் போய்விடுவாள். மற்றவளுக்கு அப்படி இல்லை. பிள்ளைக்காக எடுத்தாள், அதைப் பிள்ளையிடமே சொல்லியும் காட்டினாள். முதல் வருடம் முடியும்முன் விட்டுவிட்டு மறுபடி நீட் எழுதலாமா என்று அலைந்தாள். நடுவில் விட்டால் கட்டவேண்டிய தொகையைக் கேட்டதும் அடங்கிவிட்டாள். அவளுக்கு வீடும் நிறையவில்லை, வேலையும் நிறையவில்லை. பிராஞ்ச் என்பது மூன்று வருட டூட்டி லிஸ்ட் இல்லை. அதன்பின் முப்பது வருடம் செய்யவேண்டிய வேலை. மூன்று வருடத்துக்கு அஞ்சி முப்பது வருடத்தை மாற்றிக்கொள்வது எனக்கு நஷ்டக் கணக்காகத்தான் படுகிறது. ஸ்லைடு பிடிக்கும் என்றால் பேச்சே இல்லை, எடுங்கள்.

இதுவரை சொன்ன நான்கு வழியிலும் ஓர் ஆள் வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். போன் செய்பவர்களும் அவரைச் சொல்வதில்லை. அத்தைக்கு மூட்டு வலி, அம்மாவால் ஊரை விட்டு வர முடியாது, ஆயா கிடைப்பதில்லை என்று எல்லாம் சொல்வார்கள். குழந்தையின் அப்பா? "அவருக்கு வேலை டைட்டு அக்கா." அதோடு சரி. 2019ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் சொல்வது இதோடு நன்றாகப் பொருந்துகிறது. சில வேலைகள் பேராசை பிடித்தவை, எந்த நேரம் கூப்பிட்டாலும் வருபவருக்கே எல்லாவற்றையும் கொடுக்கும். பிள்ளை இருக்கும் வீட்டில் ஒருவர் அப்படிப்பட்ட வேலைக்குப் போக வேண்டுமென்றால் இன்னொருவர் வீட்டுக் கூப்பாட்டுக்கு ஓடிவரக்கூடிய வேலையில் இருந்தாக வேண்டும். இரண்டு பேரும் பேராசை வேலையில் இருந்தால் வீடு தாங்காது. அந்த இன்னொருவர் எப்போதும் மனைவியாகவே இருக்க வேண்டும் என்று யார் எழுதிவைத்தது?

எங்கள் வீட்டில் அந்த மூன்று வருடம் என் கணவர்தான் அந்த இன்னொருவர். வங்கி அதிகாரி. அந்தச் சுற்றுப் பிரமோஷனுக்கு எழுதவில்லை. எழுதிக் கிடைத்திருந்தால் வேறு மாநிலம். யாருக்கும் பிடிக்காத ஒரு கிளைக்குத் தானே கேட்டு மாற்றல் வாங்கி வந்தார். சளி மருந்து எத்தனை மில்லி என்று டாக்டரான என்னைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஊரில் சொந்தக்காரர்கள் "மாப்பிள்ளை பாவம், பிள்ளையை வச்சுக்கிட்டு தனியா கெடந்து அல்லாடுதாரு" என்று உருகினார்கள். முந்தைய வருடம் நான் அதே பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தபோது 'பாவம்' என்ற சொல் யார் வாயிலிருந்தும் வந்ததாக நினைவில்லை. அவருக்கு வருத்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அவருக்குக் கீழே இருந்தவர் மேலே வந்து உட்கார்ந்த அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. இப்போது நான் உதவிப் பேராசிரியர், மகள் பத்து வயது. போன வருடம் அவர் பிரமோஷனில் சென்னை போனார். பள்ளிக்கூட மீட்டிங், நோட்டுக்கு அட்டை போடுவது எல்லாம் இப்போது என் பங்கு.

போன வாரம் பேசிய பெண்ணிடமும் இதையெல்லாம்தான் சொன்னேன். முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "அப்ப எடுத்துடவா அக்கா?" என்று மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்தாள். உன் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். ஹாலில் இருக்கிறாராம். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"சொல்லுங்க மேடம்."

"அட்மிஷன் டே ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, மறுநாள் யார் லீவு போடுவாங்க தம்பி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் கேட்டார்:

"அட்மிஷன் டேன்னா அது எந்தக் கிழமை மேடம் வரும்?"